பச்சைச் சுவர்

அந்த அறைக்கு வெளிர்பச்சை அடித்தது ஃபைஸ்தான். மெஹ்விஷுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பெயிண்ட் டப்பாவைத் திறந்தான். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று அவள் சொன்னதற்கு, "எம் புள்ள ரூமுக்கு எவனோ வந்து பெயிண்ட் அடிப்பானா?" என்று சிரித்தான். பெயிண்ட் வாசம் ஆகாது என்று அவளை வெளியே மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டான். அங்கிருந்தபடியே அவள், இங்கே விட்டுப்போச்சு, அங்கே திட்டுத்திட்டாக இருக்கிறது என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை அந்த அறைக்கு வரவில்லை. பெயிண்ட் காய்ந்த சில நாட்களில், காலையில் எழுந்த மெஹ்விஷ் வயிற்றில் அசைவே இல்லை என்றாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மெஹ்விஷுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாய் பிழைப்பாளா என்பதே அன்று கேள்வியாக இருந்தது. அவளுக்கு நினைவு சரியாகத் திரும்பும் முன்பே குழந்தையின் அடக்கம் முடிந்துவிட்டது.

குழந்தையின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்த்தவன் ஃபைஸ். கையில் ஏந்திக்கொண்டு போனவனும் அவன்தான். அவள் ஒருநாளும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் தாங்கமாட்டாள் என்று அவனாகவும் சொல்லவில்லை. அந்த அறைக் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, இருவரும் மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினார்கள்.

ஃபைஸுக்குப் போளூர் ரோட்டில் பைப் கடை. காலையில் போனால் மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவான், மறுபடி போவான். வீட்டில் தனியாக இருந்த மெஹ்விஷுக்கு அவளுடைய அண்ணன் ரபீக், புதிது வாங்கியதால் ஒதுக்கிய பழைய கேமராவைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். முதலில் அதை அவள் தொடவில்லை. அப்புறம் ஜன்னல் ஓரத்தில் தக்காளியை வைத்து எடுத்தாள், டம்ளரை வைத்து எடுத்தாள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் காபிக்கடை வைத்திருந்த ஒரு அம்மா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத் தன் கடை மெனுவுக்கு எடுத்துத் தரச் சொன்னாள். மெஹ்விஷ் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓட ஆரம்பித்ததே அப்போதுதான். ஃபைஸ் அதைப் பார்த்துத் தைரியமடைந்திருந்த சமயத்தில், ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"வீட்லயே ஒரு சின்ன ஸ்டுடியோ வெச்சுக்கலாம்னு இருக்கேங்க. அந்த ரூம்ல."

"தாராளமா வெச்சுக்கோ. ஓட்டல் சாப்பாடெல்லாம் இங்கயே எடுத்தாந்து கொடுப்பாங்களா?"

"சாப்பாடு இல்ல." ரசத்தை ஊற்றினாள். "பொறந்த கொழந்தைங்கள எடுக்கலாம்னு."

அவன் கை சோற்றில் நின்றது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. முடிவு செய்துவிட்டவளின் முகம்.

"சரி" என்றான். "இன்னா இன்னா வாங்கணும்னு சொல்லு."

அடுத்த சில வாரங்கள் வீட்டில் லைட் பேச்சுதான். இரவு படுத்தால் அவள் போன் வீடியோவில் யாராவது ஒருவர் லைட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஃபிளாஷ் வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டாள். பளிச்சென்று வெட்டினால் குழந்தை திடுக்கிடும். தவிர, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று எடுத்த பிறகுதான் தெரியும். எரிந்துகொண்டே இருக்கிற எல்.ஈ.டி. என்றால் கண்ணால் பார்த்தே சரி செய்துகொள்ளலாம். வட்டமாக இருக்கும் ரிங் லைட் எல்லாவற்றையும்விட விலை கம்மி. ஆனால் அதில் முகம் தட்டையாகிவிடும், கருவிழியில் வளையம் வளையமாகத் தெரியும் என்றாள். கடைசியில், முன்னால் வெள்ளைத் துணி மூடிய சாஃப்ட் பாக்ஸ் ஒன்று போதும் என்று வந்து நின்றாள்.

"ஒண்ணு போதுமா? இன்னொரு பக்கம் இருட்டா இருக்காது?"

"அந்தப் பக்கம் தெர்மாகோல் அட்டை வெச்சா வெளிச்சம் திரும்பி அடிக்கும். நெழலு முழுசா போகக்கூடாதுங்க. நெழலு இருந்தாதான் கன்னம் உருண்டையா தெரியும்."

தேரடித் தெருவில் ராமதாஸ் என்பவருடைய கடையில் கேமரா சாமான்கள் கிடைக்கும். அங்கே போனார்கள். ராமதாஸ் மூன்று லைட்டும் பச்சைத் திரையும் சேர்ந்த பெரிய பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எல்லாம் இதுலயே இருக்குதும்மா. யூடியூப்காரங்க எல்லாரும் இதத்தான் வாங்கினு போறாங்க."

"பச்சைத் திரை எனக்கு வேணாங்க. லைட்டு ஒண்ணு போதும். பெரிய பாக்ஸா வேணும், பல்பு பகல் வெளிச்ச நெறத்துல இருக்கணும். ஜன்னல் வெளிச்சத்தோட மஞ்ச பல்பு சேந்தா ஒரு கன்னம் ஒரு கலரா வரும்."

ராமதாஸ் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அவள் கேட்டதை எடுத்துக் கொடுத்தார். ஃபைஸ் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெருமை துணிக்கடைக்குப் போகும்வரைதான் நீடித்தது.

பின்னால் தொங்கவிடும் துணிக்குப் பளபளப்பு ஆகாது, வெளிச்சம் பட்டால் மினுக்கும், சாதாரணப் பருத்திதான் வேண்டும், நடுவில் தையல் வராத அகலத்தில் வேண்டும் என்று அவள் சொல்ல, சின்னக்கடைத் தெருவில் ஒரு கடைக்காரர் மெத்தை உறைக்கான அகலத் துணிகளை இறக்கிப் போட்டார். மெஹ்விஷ் கை வெள்ளைத் துணிக்குப் போனது.

"வெள்ள வேணாம்" என்றான் ஃபைஸ்.

"ஏன்?"

"அழுக்காயிடும்."

"தொவைச்சிக்கலாம். வெள்ளதாங்க எல்லாத்துக்கும் சேரும். மொதல்ல ஒண்ணு வாங்கறவங்க வெள்ளதான் வாங்கணும்."

"நீலம் பாரேன். நல்லா இருக்குது."

"நீலத்துல கொழந்த வெளுத்துத் தெரியும்." அவள் அவனை வினோதமாகப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பலேந்து கலரெல்லாம் தெரியும்?"

கடைக்காரர் சிரித்தார். ஃபைஸும் சிரிக்க வேண்டியதாயிற்று. வெள்ளைத் துணியை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியில் திரும்பும்போது அந்தப் பை அவன் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

துணியைத் தொங்கவிட அவனே கடையிலிருந்து பி.வி.சி. பைப்பை அறுத்து, எல்போ, டீ என்கிற இணைப்புத் துண்டுகளைப் போட்டு ஒரு சட்டம் செய்தான். அடியில் ஆடாமலிருக்கத் தண்ணீர் கேன்களில் மணலை நிரப்பிக் கட்டினான். லைட் ஸ்டாண்டு குழந்தைமேல் சாய்ந்துவிடக் கூடாது என்று அதன் கால்களிலும் மணல் பையைக் கட்டினான். பச்சை அறையின் கதவு திறந்தே கிடக்க ஆரம்பித்தது. ஒருநாள் அவள் கேமராவின் சின்னத் திரையை அவனிடம் நீட்டினாள். வாழைப்பழச் சீப்பை வைத்து எடுத்திருந்தாள்.

"பாருங்க. ஓரமெல்லாம் ஒரு மாதிரி பச்சையடிக்குது. செவுத்துல பட்டு வர்ற வெளிச்சம். கொழந்த முகத்துல விழுந்தா சீக்கு மாதிரி தெரியும்."

அவன் புரிந்துகொண்டான். அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளை பெயிண்ட் வாங்கி வந்து தானே அடித்தான். பச்சை லேசில் மறையவில்லை. ஒரு கை அடித்துக் காய்ந்ததும் உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டாவது கை அடிக்கும்போது மெஹ்விஷ் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். எங்கே விட்டுப்போச்சு என்று இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவன், செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறையை எட்டிப் பார்த்தான்.

ஜன்னல் திரை மூடியிருந்தது. சாஃப்ட் பாக்ஸ் மட்டும் எரிந்தது. சட்டத்திலிருந்து வெள்ளைத் துணி இறங்கித் தரைவரைக்கும் வந்து விரிந்திருந்தது. அதன் நடுவில், வெள்ளைத் துணியில் இறுக்கிச் சுற்றின ஒரு சின்ன உருவம். மேலே முகத்துக்கு மட்டும் இடம் விட்டுச் சுற்றியிருந்தது. மெஹ்விஷ் முழங்காலிட்டுக் குனிந்து கேமராவில் கண்ணை வைத்திருந்தாள். அரிசிப் பையும் ஒரு தேங்காயும்தான் அது. பழகிப் பார்ப்பதற்காகச் செய்து வைத்திருந்தாள். அவனுக்கு அது புரியவும் செய்தது. ஆனால் கால்கள் அதற்குள் திரும்பிவிட்டன.

"வந்துட்டீங்களா? சாப்பாடு எடுத்து வெக்கறேன்" என்று அவள் சொன்னது கேட்டது. அவன் படியிறங்கி வண்டியை எடுத்துவிட்டான்.

கடைக்குப் போகவில்லை. மலை சுற்றுகிற ரோட்டில் போய்க்கொண்டே இருந்தான். பௌர்ணமி இல்லாத நாள். ரோடு காலியாகக் கிடந்தது. ஒன்றிரண்டு சாமியார்கள் மரத்தடியில் படுத்திருந்தார்கள். அடி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியின் பின்பக்க வாசலில் நர்ஸம்மா பிள்ளையைக் கையில் கொடுத்தது, பள்ளிவாசலில் ஒருவர் குளிப்பாட்டிக் கொடுத்தது, அந்தச் சின்ன வெள்ளைத் துணி, காரில் மடியில் வைத்துக்கொண்டு போனது, குழியில் இறங்கித் தானே வைத்தது எல்லாம் வரிசை தப்பித் தப்பி வந்தன. அன்று அவன் அழவில்லை. பெண்டாட்டி பிழைக்க வேண்டுமே என்று துவா கேட்பதிலேயே அந்த நாள் போய்விட்டது. அழுகை அவனுக்கு இப்போது வந்தது. பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஒரு சாமியார் அவனைப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தான். மெஹ்விஷ் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அவள வெள்ளையிலதான சுத்தித் தூக்கினு போனீங்க?"

அவன் தலையாட்டினான்.

"கடையிலயே சொல்லியிருக்கலாம் இல்லீங்க. எனக்குத் தோணவே இல்ல. நா அங்க இல்ல. எனக்கு எதுவுமே தெரியாது."

"எப்டி சொல்றது மெஹ்வி..."

"சரி, விடுங்க." அவன் மேலே பேசுவதற்குள் அவசரமாகக் கையைத் தூக்கினாள். "இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நானே ஒருநாள் கேக்கறேன். அப்ப சொல்லுங்க."

மறுநாள் அவன் மத்தியானம் வந்தபோது மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏறிப் பார்த்தான். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை இல்லை. மண் நிறமும் இல்லை, சந்தன நிறமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஓரிடத்தில் ஏறியும் ஓரிடத்தில் இறங்கியும் சாயம் பிடித்திருந்தது. பக்கத்தில் பிரியாணி அண்டா கவிழ்ந்து கிடந்தது. மெஹ்விஷின் கை முழங்கைவரை பழுப்பாக இருந்தது.

"டீத்தூள் போட்டுக் கொதிக்க வெச்சு முக்கிட்டேன்" என்றாள். "கொஞ்சம் உப்பும் போட்டேன். திட்டுத்திட்டா வந்துடுச்சு. ஆனா அதான் நல்லா இருக்கும். பின்னாடி அப்டி இருந்தா படத்துல ஆழமா தெரியும்."

அவன் துணியைத் தொட்டுப் பார்த்தான். டீக்கடை வாசம் அடித்தது. "வீட்ல டீத்தூள் மிச்சம் இருக்குதா?" என்று கேட்டான்.

"இல்ல. வரும்போது வாங்கினு வாங்க" என்றாள்.

முதலில் வந்தது அடி அண்ணாமலையிலிருந்து ஒரு ஜோடி. மாறன் அங்கே டிராக்டர் ஓட்டுகிறவன், ஃபைஸின் கடையில் சொட்டுநீர்க் குழாய் வாங்க வருகிறவன். கடையில் ஒட்டியிருந்த வாழைப்பழப் படத்தைப் பார்த்து, யார் எடுத்தது என்று விசாரித்துவிட்டு, "எங்க பையன எடுத்துத் தருவாங்களா பாய்?" என்று கேட்டிருந்தான். அவன் மனைவி சினேகா சின்னப் பெண். பச்சை உடம்போடு மெல்ல ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பேர் வைத்த அன்று கட்டின கறுப்புக் கயிறு மணிக்கட்டில் இருந்தது.

மெஹ்விஷ் லைட்டைப் போட்டாள். துணியின் சுருக்கத்தை மறுபடி நீவிவிட்டாள். கீழே மெத்தைபோல மடித்த கம்பளி, அதன்மேல் டீ நிறத் துணி. ஃபேனை நிறுத்தினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். "கொடுங்க" என்று சினேகாவிடம் கைகளை நீட்டினாள். சினேகா குழந்தையைத் தூக்கி நீட்டினாள். மெஹ்விஷின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. நீட்டிய கைகள் மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

சினேகா குழப்பமாகப் பார்த்தாள். "இன்னாக்கா?"

கதவருகே நின்றிருந்த ஃபைஸ் உள்ளே வந்தான். "எங்கிட்ட குடும்மா. அவங்க கேமரா புடிக்கணும் இல்ல" என்று வாங்கிக்கொண்டான்.

குழந்தை சூடாக இருந்தது. கையில் பட்டதும் நெளிந்தது. முதுகு அவன் உள்ளங்கையில் ஏறி இறங்கியது. இவ்வளவு சின்ன உடம்பை அவன் இதற்குமுன் ஒரே ஒருமுறைதான் ஏந்தியிருக்கிறான். அன்று முதலிலிருந்து கடைசிவரை எந்தப் பக்கமும் அசையாத கனம். இது கழுத்தைத் திருப்பி அவன் சட்டையில் வாயால் எதையோ தேடியது. தட்டுத்தடுமாறிக் குனிந்து அதைத் துணிமேல் வைத்தான். தலைக்கடியிலிருந்து கையை எடுக்கவே அவனுக்கு மனசு வரவில்லை.

"கைய எடுங்க" என்றாள் மெஹ்விஷ் மெதுவாக. கேமராவுக்குப் பின்னால் போய்விட்டிருந்தாள்.

அவள் எடுத்தாள். பக்கவாட்டிலிருந்து எடுத்தாள், மேலிருந்து எடுத்தாள், பாதத்தை மட்டும் எடுத்தாள். தெர்மாகோல் அட்டையைக் கொஞ்சம் கிட்டே தள்ளச் சொல்லி மாறனிடம் காட்டினாள். அவன் பயபக்தியோடு அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். திடீரென்று பையன் முகத்தைச் சுளித்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றுக்குப் போனான். சினேகா வெட்கப்பட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். மெஹ்விஷ் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஃபைஸ் வெகுநாளாகக் கேட்டிருக்கவில்லை. அவன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றான்.

படங்களை மாறனிடம் காட்டினாள். கேமராவின் திரையை விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டான். "எம் புள்ளையா இது" என்று மட்டும் சொன்னான். போகும்போது சினேகா, "உங்களுக்கு எத்தினி பசங்கக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு. தவறிடுச்சு" என்றாள்.

சினேகா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். இருவரும் படியிறங்கிப் போனார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு ஃபைஸ் மேலே வந்தபோது, மெஹ்விஷ் அந்த அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. துணியில் ஈரம் அப்படியே இருந்தது.

"குடு, ஊற வெச்சுட்டு வரேன்" என்றான்.

"இருக்கட்டுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தான். அவள் ஈரத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இவன் கனம் இருந்தாளா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "கொஞ்சம் கம்மி" என்றான். "ரொம்பக் கம்மியில்ல."

"லைட்ட நிறுத்திட்டுச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க."

எழுந்து சுவிட்சை அணைத்தான். திரை மூடிய அறையில் மங்கலாகத்தான் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முடி நெறைய இருந்துச்சு. கறுப்பா, நெத்தியில ஒட்டிகினு. மூக்கு எங்க அம்மா மூக்கு. கொஞ்சம் சப்ப."

"புருவம்?"

"இருந்துச்சு, லேசா. உனக்கு இருக்கற மாதிரிதான், நடுவுல சேந்தாப்ல. வெரலு நீளம். அதைப் பாத்துதான் உன் வெரல்னு நெனச்சேன். காதுல, மேல, ஒரு மடிப்பு." கொஞ்சம் நிறுத்தினான். "ஒதடு மட்டும் கறுத்திருந்துச்சு."

"ம். சொல்லுங்க."

"நர்ஸம்மா ஏதோ சொன்னாங்க, அழகா இருக்கான்னு. நெசமாத்தான் இருந்தா."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு மெஹ்வி."

"தெறக்கவே இல்ல, இல்ல?"

"இல்ல."

அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. "அப்புறம்?" என்றாள்.

ஃபைஸ் யோசித்தான். ஆஸ்பத்திரி வாசலில் வாங்கும்போது ஒருமுறை, பள்ளிவாசலில் குளிப்பாட்டும்போது ஒருமுறை, துணியைச் சுற்றுமுன் ஒருமுறை. பிறகு கார் போன நேரத்தில் முகத்தைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அவ்வளவு கொஞ்சநேரம்தான் பார்த்திருக்கிறான். அன்று பார்த்ததிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அவளிடம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் ஏதாவது, ஒரு மச்சம், ஒரு தழும்பு, எதுவாவது இருக்கிறதா என்று துழாவினான்.

"அப்புறம் சொல்லுங்க" என்றாள் மறுபடி.

அவனுக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை. அவள் தோளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டான். அவள் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள்.